ஐந்து நாள் லீட் வகுப்பில் ஒரு பெரிய பாடகரிடம் என்னதான் கற்றுக்கொள்ள முடியும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்கு 31 வயது, ஜெர்மனியில் வேலை, நான்கு வருடமாக ஊர்ப் பாடற்குழுவில் பேரிடோன் (நடுத்தர உயரமுள்ள ஆண்குரல்) பாடுகிறீர்கள், சின்ன வயதில் ஐந்து வருடம் கர்நாடக சங்கீதம் கற்றிருக்கிறீர்கள். வருகிற கோடையில், மேடையிலிருந்து ஓய்வு பெற்ற பெயர்பெற்ற பாடகர் ஒருவர் லீட் என்கிற ஜெர்மன் கவிதைப் பாட்டுக்கு ஐந்து நாள் வகுப்பு நடத்துகிறார். பாடும் மாணவராகச் சேர ஒரு கட்டணம், சும்மா உட்கார்ந்து கேட்க அதைவிடக் குறைவு. சேரலாமா, பி1 என்ற இடைநிலை ஜெர்மன் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் ஒளிந்திருக்கிறது: எல்லாப் பதிவும் யூடியூபில் கிடைக்கும்போது, நேரில் போனால் கூடுதலாக என்ன கிடைத்துவிடும்? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன், மற்ற இரண்டும் போகிற போக்கில் வந்துவிடும்.

நான் பாடகன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாடகருக்குப் பியானோவில் உடன் வாசிப்பவன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊர்களில் இப்படிப்பட்ட வகுப்புகளில் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மாணவர்கள் வந்து போவார்கள், ஆசிரியர் காப்பி குடிக்கப் போவார், நான் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே ஸ்டூலில். அதனால் யாருக்கு என்ன பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்று பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம் உண்டு. தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்பது என் துறை இல்லை. உங்கள் குரலையும் நான் கேட்டதில்லை. அந்த இரண்டைப் பற்றியும் வாய் திறக்க மாட்டேன்.

லீட் என்றால் என்ன என்று தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். பன்மையில் 'லீடர்' என்று வரும், தலைவர் என்று படித்துவிடாதீர்கள். இசையமைப்பாளர் ஷூபர்ட் 31 வயதில், 1828-இல் இறப்பதற்குள் 600-க்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதிவிட்டார். ராட்டை சுற்றும் கிரெட்சென் பாட்டை எழுதியபோது அவருக்கு வயது 17. பிறகு ஷூமான், பிராம்ஸ், ஹூகோ வொல்ஃப், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்று அந்த வரிசை நீள்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரிய பாடகரிடம் போனால் குரலைத் திருத்துவார் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஐந்து நாளில், ஆளுக்கு நாற்பது நிமிடம் வைத்து, யாரும் யாருடைய மூச்சையும் மாற்றிவிட முடியாது. பொறுப்பான ஆசிரியர் அதைத் தொடவும் மாட்டார், ஏனென்றால் உங்களுக்கு ஊரில் வாராவாரம் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் இருக்கிறார், அவர் கட்டிக்கொண்டிருக்கும் சுவரில் இவர் வந்து ஒரு செங்கல்லை உருவிவிட்டுப் போனால் உங்கள் கதி என்ன? பெரிய பாடகி லோட்டே லேமான் 1951-இல் மேடையை விட்ட பிறகு கலிஃபோர்னியாவில் சான்டா பார்பராவில் வருடக்கணக்காகக் கற்றுக்கொடுத்தார். பாடகி கிரேஸ் பம்ப்ரி அவரிடம் வளர்ந்தவர்தான். அங்கே லேமான் எடுத்த வகுப்புகள் பெரும்பாலும் பாட்டைப் பொருளுணர்ந்து பாடுவது பற்றியவை, குரல் பயிற்சி இல்லை. அப்படியென்றால் பெரிய ஆசிரியர் எதைக் கற்றுக்கொடுக்கிறார்? என் பதில்: படிக்கக் கற்றுக்கொடுக்கிறார். கவிதையைப் படிக்க, பிறகு அந்தக் கவிதையை இசையமைப்பாளர் எப்படிப் படித்தார் என்று இசைக்குறிப்பிலிருந்து கண்டுபிடிக்க. பதிவைக் கேட்டால் அந்தப் படிப்பின் முடிவு மட்டும் காதில் விழும். வகுப்பில் உட்கார்ந்தால் அது நடக்கிற விதம் தெரியும்.

நான் வாசித்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ஆசிரியை எழுபதைத் தாண்டியவர், கையில் பென்சில், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. ஒரு இளம் பேரிடோன் ஷூபர்ட்டின் 'குளிர்காலப் பயணம்' தொகுப்பின் முதல் பாட்டைக் கொண்டுவந்தார். 1827-இல் எழுதியது, வில்ஹெல்ம் முல்லரின் கவிதைகள், மொத்தம் 24 பாட்டு. காதலில் தோற்ற ஒருவன் இரவோடு இரவாகக் கிளம்பிப் போகிறான், பாட்டின் பெயரே 'குட் நைட்'தான். முதல் வரி: ஃப்ரெம்ட் பின் இஹ் ஐன்கெட்ஸோகென். அந்நியனாகவே வந்து குடிபுகுந்தேன். நான் முன்வாசிப்பை முடித்தேன், பையன் "ஃப்ரெம்ட்" என்று பாடினார், அம்மையார் கையைத் தூக்கிவிட்டார். ஒரே ஒரு சொல்.

"இவன் எங்கே நிற்கிறான்?" என்று கேட்டார். பையன், "வெளியே, பனியில்" என்றார். "கடைசிப் பத்தியைப் படி." படித்தார். உன் கனவைக் கலைக்க மாட்டேன், என் காலடி உனக்குக் கேட்கக் கூடாது, மெல்ல, மெல்லக் கதவைச் சாத்துகிறேன் என்று வருகிறது. "கதவை எப்போது சாத்துகிறான்?" "நாலாவது பத்தியில்." "அப்படியானால் முதல் வரியில் எங்கே இருக்கிறான்?" பையன் பதில் சொல்லவில்லை, அரங்கில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பாட்டை அதுவரை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது, அவன் இன்னும் வீட்டுக்குள் இருக்கக்கூடும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பக்கத்து அறையில் அவள் தூங்குகிறாள் என்றால் முதல் சொல்லின் சத்தமே மாறிவிடும் இல்லையா? (இந்த வாசிப்பை எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நடுவில் நிலவொளியில் நடப்பதும் நாய் ஊளையிடுவதும் வருகிறது, அதை வைத்து அவன் வெளியேதான் நிற்கிறான் என்று வாதாடலாம். அவர் சொன்ன விடையைவிட, கேள்வி கேட்ட முறைதான் முக்கியம்.)

அப்புறம் அந்த ஒரு சொல்லுக்குள் போனார். கவிதையின் சந்தப்படி முதல் அசை மெலிந்தது, இரண்டாவதுதான் அழுத்தம். ஷூபர்ட்டும் அந்தச் சொல்லைத் தாளத்தின் தட்டு விழுவதற்கு முன்னால்தான் வைத்திருக்கிறார். ஆனால் பொருள் முழுக்க அதே சொல்லில்தான் இருக்கிறது, மெட்டும் அங்கேதான் உச்சத்தில் நின்று பிறகு இறங்குகிறது. அழுத்திப் பாடினால் நடை நொண்டும், விட்டுவிட்டால் பொருள் போகும். என்ன செய்வது? அவர் சொன்ன வழி, சத்தத்தைக் கூட்டாதே, மெய்யெழுத்துக்களை வேலை செய்ய விடு. 'ஃப்ர்' என்ற இரண்டு மெய்யும் தட்டுக்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும், 'எ' என்ற உயிர் பியானோவோடு சேர்ந்து விழ வேண்டும், கடைசி 'ம்ட்' உதடு மூடி ஒரு கணம் நின்று அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். எழுத்தில் 'd' என்று இருந்தாலும் சொல்லின் கடைசியில் அது கெட்டியாகத்தான் ஒலிக்கும், ஜெர்மனில் அது விதி. இருபத்தைந்து நிமிடம் முதல் வரியிலேயே போய்விட்டது. கடைசியில் பையன் பாடியபோது சத்தம் முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை, ஆனால் பின்வரிசை வரைக்கும் சொல் தெளிவாகக் கேட்டது.

பதிவில் இது கிடைக்காது என்று சொல்லவில்லை, நல்ல பாடகரின் பதிவில் அந்த 'ம்ட்' இருக்கத்தான் செய்யும். அதைத் தேட வேண்டும் என்பதுதான் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இப்போது உங்கள் வாய்க்கு வருவோம். தமிழ் பேசி வளர்ந்தவர்கள் லீட் பாடியதை இரண்டு மூன்று பேரிடம்தான் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன், அதனால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நானும் அதே வாயோடுதான் இந்த ஊருக்கு வந்தேன். நமக்குச் சாதகம் சில உண்டு. குறில் நெடில் வேறுபாடு நமக்கு ரத்தத்தில் ஊறியது. 'பிட்ட' என்றால் தயவுசெய்து, 'பீட்ட' என்றால் தருகிறேன், இதை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு விளக்கப் படும் பாடு நமக்குத் தேவையில்லை. நுனிநாக்கு ரகரமும் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. தெருவில் ஜெர்மானியர்கள் தொண்டையில்தான் ரகரத்தை உரசுகிறார்கள், ஆனால் 1898-இல் தியோடர் ஸீப்ஸ் தொகுத்த மேடை உச்சரிப்பு விதிகளிலிருந்தே நுனிநாக்கு ரகரம்தான் மேடைக்கு உரியது. அலுவலகத்தில் பழகிய ரகரத்தைப் பாட்டுக்கும் கொண்டுபோக வேண்டாம்.

பாதகங்களும் உண்டு. நன்னூல் என்ன சொல்கிறது? உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே. அந்த இயல்புதான் ஜெர்மனில் குற்றம். 'பின் இஹ் ஐன்...' என்பதை நாம் நம்மை அறியாமல் 'பினிஹைன்' என்று கோத்துவிடுவோம். கேட்பவருக்கு மூன்று சொல் ஒரே பிசைந்த சோறாகிவிடும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை, தொண்டையில் ஒரு மெல்லிய தட்டலோடு புதிதாகத் தொடங்க வேண்டும். அதேபோல் நாம் பேச்சில் 'எனக்கு' என்பதை 'யெனக்கு' என்றும் 'ஒண்ணு' என்பதை 'வொண்ணு' என்றும் சொல்கிறோம் இல்லையா, அந்த ய-வும் வ-வும் ஜெர்மன் சொற்களின் வாசலிலும் வந்து நின்றுகொள்ளும். 'ஏர்ட' என்றால் பூமி, அதை 'யேர்ட' என்று பாடிவிட்டு நமக்கு அது காதில் விழவே விழாது. செல்போனில் பதிவு செய்து கேட்டால்தான் தெரியும். சொல்லின் நடுவில் தனித்து வரும் வல்லினத்தை மென்மையாக்குவதும் நம் பழக்கம், ஜெர்மனில் அப்படிச் செய்தால் சொல்லே மாறிவிடும். இவர்களின் 't' நம் டகரம் மாதிரி நாக்கை மடித்து வராது, கிட்டத்தட்டத் தகரத்தின் பக்கம், பல்லுக்கு அருகில் இருக்கிறது. இரண்டு புள்ளி வைத்த 'ü'-வுக்கு உதட்டை ஊ-வுக்கு வைத்துக்கொண்டு ஈ சொல்லுங்கள், 'ö'-வுக்கு உதட்டை ஓ-வுக்கு வைத்துக்கொண்டு ஏ சொல்லுங்கள். கடைசியில் வரும் பலவீனமான 'e' இருக்கிறதே, 'லீப' என்பதில் வருவது, அதற்கு நம்மிடம் ஒரு நல்ல ஒப்புமை இருக்கிறது: குற்றியலுகரம். 'பாட்டு' என்கிறபோது கடைசி உகரத்தை யாராவது முழுசாக உதடு குவித்துச் சொல்கிறோமா? அதே அளவு சோம்பலோடு அந்த உயிரைப் பாடுங்கள். ஒலி வேறு, ஆனால் அதற்குக் கொடுக்கும் மரியாதை அதே அளவுதான்.

ஐந்து வருடக் கர்நாடக சங்கீதம் வீண் போகாது. சுருதி நிற்கும், மனப்பாடம் நிற்கும், பதம் பிரித்துப் பாடாவிட்டால் பொருள் கெடும் என்ற பயமும் ஏற்கெனவே இருக்கும். பிரச்சினை ஒன்றே ஒன்றுதான், ஸ்வரத்துக்குக் கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும் பழக்கம். அது நமக்கு அழகு, இங்கே அது தயக்கம் போலக் கேட்கும். முற்றிலும் தடை என்று இல்லை, சில இடங்களில் இழைத்துப் பாடுவது உண்டு, ஆனால் அது நீங்கள் தேர்ந்தெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும்.

பி1 போதுமா என்றால், பால் வாங்கவும் வாடகை ஒப்பந்தம் போடவும் போதும். கவிதைக்கு வேறு ஒரு வேலை செய்ய வேண்டும், அதற்குச் சான்றிதழ் தேவையில்லை, பென்சில் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழில் பொருள் எழுதுங்கள், ஆங்கிலத்தில் அல்ல. காரணம் இருக்கிறது. அந்த முதல் வரியையே பாருங்கள்: 'அந்நியனாக' முதலில், 'குடிபுகுந்தேன்' கடைசியில். ஜெர்மனிலும் அதே வரிசை. ஆங்கிலத்தில் போட்டால் 'நான்' முன்னால் வந்து நின்றுகொள்ளும், அந்நியன் பின்னால் போய்விடுவான், ஷூபர்ட் எதற்காக மெட்டை அந்த இடத்தில் உயரத்தில் தொடங்கினார் என்பதே புரியாது. வினைச்சொல் கடைசியில் வரும்வரை வாக்கியத்தைக் கையில் ஏந்திக்கொண்டு காத்திருப்பது நமக்குப் பழக்கமான விஷயம். ஜெர்மன் துணைவாக்கியங்கள் முழுக்க அப்படித்தான், மூச்சை எங்கே எடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

ஷூமான் 1840-இல், கிளாராவைக் கல்யாணம் செய்த அதே வருடத்தில், ஐஹென்டார்ஃப் கவிதைகளுக்கு இசையமைத்த தொகுப்பில் 'நிலவிரவு' என்று ஒரு பாட்டு உண்டு. வானம் பூமியை மெல்ல முத்தமிட்டது போல இருந்தது என்று தொடங்கும். முதல் வரியில் 'ஹெட்' என்ற சின்னச் சொல் ஒன்று இருக்கிறது, அதுதான் அந்தப் 'போல'. நடந்தது என்று சொல்லவில்லை, நடந்த மாதிரி என்கிறது. கடைசி வரியிலும் ஆன்மா வீட்டுக்குப் பறப்பது போல என்று அதே வினைவடிவம் திரும்ப வருகிறது. பறந்தது என்று சொல்லவே இல்லை. இந்தப் பாட்டை வெற்றி முழக்கமாக முடித்த மாணவர்களுக்கு வாசித்திருக்கிறேன், நல்ல குரல்கள், இலக்கணத்தைக் கவனிக்கவில்லை. ஒரு ஆசிரியர் இந்தப் 'போல'-வை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு வேறு எதுவும் சொல்லாமல் திரும்பப் பாடச் சொன்னார். முடிவு தானாகவே மெலிந்து போனது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத விஷயங்கள். எவ்வளவு உணர்ச்சி காட்டலாம் என்பதில் ஆசிரியர்கள் ஒத்துப்போக மாட்டார்கள், ஒருவர் சொன்னதை அடுத்தவர் திங்கட்கிழமையே அழிப்பார். இந்தச் சண்டை ஷூபர்ட் காலத்திலிருந்தே இருக்கிறது. அவர் பாடல்களை ஊரறியச் செய்தவர் யோஹான் மைக்கேல் ஃபோகல், அவரைவிட 29 வயது மூத்த ஆபரா பாடகர். ஃபோகல் மெட்டில் தன் கைச்சரக்காக அலங்காரங்கள் சேர்த்துப் பாடினார், ஷூபர்ட்டே அவருக்குப் பியானோ வாசித்தார். ஆனால் ஷூபர்ட்டை நேரில் அறிந்த இன்னொருவர், லெயோபோல்ட் ஃபான் ஸோன்லைத்னர், பிற்காலத்தில் எழுதி வைத்ததோ நேர் எதிர்: ஷூபர்ட் தாளத்தில் கறாராக இருப்பார், மிகை நடிப்பு அவருக்குப் பிடிக்காது. இரண்டும் பதிவாகியிருக்கிறது. அதனால் "ஷூபர்ட் இப்படித்தான் விரும்பினார்" என்று யாராவது மேசையைத் தட்டிச் சொன்னால் தலையாட்டுங்கள், நம்ப வேண்டியதில்லை. சொல் முடிவில் வரும் ரகரத்தை உருட்டலாமா, கரைத்துவிடலாமா என்பதும் அப்படித்தான், பழைய தலைமுறை உருட்டும், இப்போது பலர் கரைக்கிறார்கள். சொல்லின் தொடக்க உயிரை எவ்வளவு தட்ட வேண்டும் என்பதிலும் ஆளுக்கு ஒரு அளவு இருக்கிறது. அந்த வாரத்துக்கு அந்த ஆசிரியர் சொன்னபடி செய்யுங்கள், வீட்டுக்கு வந்து முடிவெடுங்கள்.

யூடியூப் கேள்விக்கு மறுபடி வருகிறேன். டீட்ரிஹ் ஃபிஷர்-டீஸ்காவ் ஜெரால்டு மூரின் பியானோவோடு ஷூபர்ட் பாடல்கள் 400-க்கும் மேல் பதிவு செய்திருக்கிறார். பேரிடோனாக இருக்கிற யாரும் அதிலிருந்து தப்ப முடியாது, நீங்களும் அதைக் கேட்டுத்தான் இந்தப் பக்கம் வந்திருப்பீர்கள். ஆபத்து என்னவென்றால், நூறு தடவை கேட்டபின் அவருடைய மூச்சு விடும் இடம்கூட உங்கள் உடம்பில் ஏறிவிடும். மாணவன் பாடுகிறபோது, இது எந்த வருடத்துப் பதிவின் நகல் என்றுகூடச் சில சமயம் எனக்குச் சொல்ல முடியும். நகலுக்கு உடன் வாசிப்பது மாதிரி அலுப்பு வேறு கிடையாது. ஃபிஷர்-டீஸ்காவ் பெர்லினில் 1983-இலிருந்து கற்றுக்கொடுத்தார், 1992 இறுதியில் மேடையில் பாடுவதை நிறுத்தினார். மத்தியாஸ் கெர்ன, கிறிஸ்டியான் கெர்ஹாஹர் இருவரும் அவரிடமும், மாணவரை ஒரு வரி முழுசாகப் பாட விடாமல் நிறுத்தித் திருத்துவதில் பெயர்போன எலிஸபெத் ஷ்வார்ட்ஸ்காப்ஃபிடமும் கற்றவர்கள். இருவரின் 'குளிர்காலப் பயண'த்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை, இருவரும் ஆசிரியர் மாதிரியும் இல்லை. அவர்கள் ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒலியை அல்ல, சொல்லைத் துருவும் பழக்கத்தை. போகிற போக்கில் இன்னொன்று: கெர்ஹாஹர் மருத்துவம் படித்து முடித்தவர். வேலையை வைத்துக்கொண்டு இதில் இறங்கலாமா என்று தயங்கும் உங்களுக்காக, அவர் 31 வயதில் தொடங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் கட்சிக்காரர்களைப் பற்றியும் கொஞ்சம். லீட் பாட்டில் பியானோ வெறும் பக்கவாத்தியம் அல்ல. கிரெட்சென் பாட்டில் ராட்டை சுற்றிக்கொண்டே இருக்கும், காதலனுடைய முத்தம் அவள் நினைவுக்கு வந்ததும் அது நின்றுவிடும், பிறகு தட்டுத்தடுமாறி மறுபடி கிளம்பும். அந்த இடத்தில் கதை சொல்வது குரலா, விரலா? ஸ்ட்ராஸின் 'நாளை' என்ற பாட்டில் பியானோ நெடுநேரம் தனியாகப் பாடிவிட்ட பிறகு குரல் "மேலும்" என்ற சொல்லோடு, ஏதோ பேச்சின் நடுவில் வந்து சேர்ந்த மாதிரி, நுழைகிறது. பியானோவைக் கேட்காத பாடகருக்கு அந்த 'மேலும்' எதன் தொடர்ச்சி என்றே தெரியாது. இங்கே இசைக்கல்லூரிகளில் லீட் வகுப்புக்குப் பாடகரும் பியானோக்காரரும் ஜோடியாகத்தான் பெரும்பாலும் சேர்கிறார்கள், ஷ்டுட்கார்ட்டில் ஹூகோ வொல்ஃப் அகாடமி நடத்தும் லீட் போட்டியும் ஜோடிகளுக்கானதுதான். திட்டு விழுவதும் ஜோடியாகத்தான். மேலே சொன்ன அதே அம்மையார், பையனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ முன்வாசிப்பிலேயே அழுது முடித்துவிட்டாய், 24-ஆவது பாட்டுக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறாய்?" அந்தக் கடைசிப் பாட்டில் பனியில் வெறுங்காலோடு நிற்கும் ஒரு கிழவன் கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் ஒரு இசைக்கருவியை வாசிக்கிறான், பியானோவின் இடது கையில் தொடக்கம் முதல் முடிவு வரை கிட்டத்தட்ட ச-ப சுருதி மட்டும்தான். எல்லாம் வற்றிப்போன இடம் அது. முதல் பாட்டில் நான் ஆறு தாள வட்டத்துக்குள் அத்தனை கண்ணீரையும் கொட்டியிருந்தேன். சரியான குட்டு. அதற்குப் பிறகு அந்த முன்வாசிப்பை நடக்கிற மாதிரி மட்டும் வாசிக்கிறேன்.

ஆக, நீங்கள் என்ன செய்யலாம்? முதல் வருடம் கேட்பவராகப் போங்கள். ஐந்து நாளும், எல்லா மாணவருக்கும், கையில் நோட்டோடு. பாடுகிறவருக்குப் பதற்றத்தில் பாதி காதில் ஏறாது, மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கு எல்லாம் ஏறும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு கட்டணம் கொடுப்பதைவிட இது மலிவும்கூட. இடைவேளையில் ஆசிரியரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், அங்கே போகாதீர்கள், பியானோக்காரரிடம் வந்து பேசுங்கள், எங்களுக்குப் பொழுது போகாது. அடுத்த வருடம் பாடப் போகிறீர்கள் என்றால் சின்னப் பாட்டாக எடுங்கள். கவிஞர் கதேயின் 'பயணியின் இரவுப்பாட்டு', மலையுச்சிகளில் எல்லாம் அமைதி என்று தொடங்குவது, ஷூபர்ட் 14 தாள வட்டத்தில் முடித்துவிட்டார். அதில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது, அதனாலேயே அது நல்ல பாட்டு. 'இசைக்கு' என்ற பாட்டும் உங்கள் குரலுக்குப் பொருந்தக்கூடும். பார்த்தால் எளிதாகத் தெரியும் 'நீயே அமைதி' என்பதைத் தொடாதீர்கள், கடைசியில் இரண்டு தடவை மெல்ல மெல்ல மேலே ஏறும் ஏணியில் பெரியவர்களே நடுங்குவார்கள். 'எர்ல் ராஜா' வேண்டவே வேண்டாம். உங்களுக்காக இல்லை, என் வலது மணிக்கட்டுக்காகச் சொல்கிறேன்.

கட்டை மாற்றிப் பாடலாமா என்றும் உங்களுக்குச் சந்தேகம் வரும். தாராளமாகப் பாடலாம். உயர்ந்த குரல், நடுக்குரல், தாழ்ந்த குரல் என்று மூன்று சுருதியில் புத்தகங்கள் அச்சாகிக் கடையில் கிடைக்கின்றன, நம் ஊரில் ஆளுக்கு ஒரு கட்டை வைத்துக்கொள்கிற மாதிரிதான். ஆனால் எந்தச் சுருதி என்று முன்கூட்டியே பியானோக்காரருக்குத் தெரிவித்துவிடுங்கள். மேடையேறிய பிறகு "ஒரு ஸ்வரம் இறக்கி வாசிக்க முடியுமா" என்று கேட்ட ஒரு மாணவருக்காக நான் வியர்த்த வியர்வை எனக்குத்தான் தெரியும். இன்னொன்று, பியானோவுக்குக் கொடுக்கிற பிரதியைத் தனித்தாள்களாக நகலெடுத்துக் கொண்டுவராதீர்கள், கெட்டி அட்டையில் ஒட்டிக் கொண்டுவாருங்கள். கோடை வகுப்பு என்கிறீர்கள், ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள், ஒரு தடவை காற்றில் எனக்கு மூன்றாம் பக்கம் பறந்துபோய் ஆசிரியரின் காப்பிக் கோப்பையில் விழுந்திருக்கிறது.